சூட்டில் மட்டும் வரும் கோளாறு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் பர்லியாறு என்று ஒரு நிறுத்தம். பழக்கடைகளும் டீக்கடைகளும் உள்ள இடம். பிரீமியர் பத்மினியும் அம்பாசடரும் மலையேறிய காலத்தில், அங்கே டீ குடிக்க நிறுத்திய வண்டிகளில் சில திரும்பக் கிளம்ப மறுக்கும். கல்லாற்றிலிருந்து முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக உறுமிக்கொண்டு ஏறிய வண்டி, நிறுத்தும்வரை ஒரு குறையும் காட்டியிருக்காது. கால்மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. டிரைவர் பானெட்டைத் தூக்கி வைத்து, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து பெட்ரோல் பம்பின் மேல் போடுவார். எல்லாரும் இன்னொரு டீ குடிப்பார்கள். பிறகு சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிடும்.

இந்த ஸ்டார்ட்டிங் ட்ரபிள் பத்மினியோடு போய்விடவில்லை. கார்புரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவர்களும், இருபது வயதைத் தாண்டிவிட்ட இன்ஜெக்‌ஷன் வண்டிகளை ஓட்டுபவர்களும் இன்றும் இதே புகாரோடு பட்டறைக்கு வருகிறார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணே, காலைல ஒரே செல்ஃப்ல எடுத்துருதுண்ணே. கொஞ்சம் ஓட்டிட்டு எங்கயாவது நிறுத்துனா திரும்ப எடுக்கவே மாட்டேங்குது.”

“வண்டிய விட்டுட்டுப் போங்க தம்பி, நாளைக்குப் பாத்து வைக்கிறேன்.”

மறுநாள் மெக்கானிக் சாவியைத் திருப்பும்போது வண்டி ஆறிக் கிடக்கிறது. தொட்டவுடன் கிளம்புகிறது. கோளாறு அந்த நேரத்தில் வண்டியில் இல்லவே இல்லை. இல்லாததைத் தேட முடியாது என்பதால் அவர் பிளக்கை மாற்றுகிறார், ஃபில்டரை மாற்றுகிறார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுகிறார். அடுத்த முறை காயில், அதற்கடுத்து பேட்டரி. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனக்கு இது தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது. ஏனென்றால் கோளாறு வந்து நிற்கும் அந்த நேரத்திலேயே பார்த்தால், பத்து நிமிடத்தில் காரணத்தின் பக்கத்தில் போய்விடலாம்.

பெரிய நிறுவனங்களின் தயாரிப்பிலும் இந்தக் கண்ணாமூச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980களிலும் 90களின் முற்பாதியிலும் விற்ற ஏராளமான வண்டிகளில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியிருந்தது. சூடேறினால் மாட்யூல் செயலிழந்து வண்டி நின்றுவிடுகிறது, ஆறினால் ஒழுங்காக ஓடுகிறது என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். கலிபோர்னியாவில் அலமேடா கவுண்டி நீதிபதி மைக்கேல் பாலாச்சி 2000-ஆம் ஆண்டில் அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட்டார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஆறிய நிலையில் சோதிக்கும்போது நல்ல பாகமாகவே தெரியும் ஒரு பாகத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த வழக்கு காட்டியது.

நிறுத்திய பிறகு இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வண்டியை அணைத்தவுடன் சூடு குறையத் தொடங்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பானெட்டுக்குள் நடப்பது நேர் எதிர். ஓடும் இன்ஜினிலிருந்து சூட்டை வெளியே கொண்டுபோகும் ஏற்பாடுகள் எல்லாமே ஓட்டத்தை நம்பியவை. வாட்டர் பம்ப் சுற்ற வேண்டும், ஃபேன் சுழல வேண்டும், வண்டி நகர்ந்து காற்று புக வேண்டும். கார்புரேட்டருக்கு இன்னொரு குளிர்ச்சியும் உண்டு: டேங்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும் புதுப் பெட்ரோல். அது உள்ளே ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள உலோகத்திலிருந்து சூட்டை எடுத்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த நொடியில் இவை எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோகின்றன. ஆனால் எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்டு அப்போதும் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. அந்தச் சூடு மேலே ஏறி, பக்கத்தில் பரவி, கார்புரேட்டரையும் பம்பையும் பெட்ரோல் குழாய்களையும் பிடிக்கிறது. அவற்றின் வெப்பநிலை, வண்டி ஓடியபோது இருந்ததைவிட நிறுத்திய பிறகுதான் அதிகமாகிறது. பொதுவாகப் பத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் இறங்கத் தொடங்கும். ஒரு டீ குடிக்க ஆகும் நேரம் அது.

அம்பாசடரில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வகை. அதில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கும். கார்புரேட்டர் கிட்டத்தட்ட அடுப்புக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். குளிர்நாட்டில் அது நன்மை. குளிர்ந்த மேனிஃபோல்டில் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கீழேயுள்ள சூடு அதைத் தடுக்கும். நம் சித்திரை வெயிலில் அதே அமைப்பு தொல்லையாகிறது.

பெட்ரோல் தண்ணீரைப்போல ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. அதன் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதிகள் முழுவதும் ஆவியாக 200 டிகிரி வரை ஆகும். கலவையில் இருக்கும் பென்டேனை எடுத்துக்கொண்டால் அதன் கொதிநிலை 36 டிகிரி. ஒரு லிட்டர் திரவப் பென்டேன் முழுக்க ஆவியானால் 200 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். 70, 80 டிகிரி சூட்டுக்குப் போய்விட்ட ஒரு குழாய்க்குள் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். இந்தியாவில் பெட்ரோலின் தரத்தை வரையறுக்கும் ஐ.எஸ். 2796-இல் ‘வேப்பர் லாக் இண்டெக்ஸ்’ என்றே ஓர் அளவு இருக்கிறது. பெட்ரோலின் ஆவியழுத்தத்தைப் பத்தால் பெருக்கி, 70 டிகிரிக்குள் எத்தனை சதவீதம் ஆவியாகிறதோ அதை ஏழால் பெருக்கிக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். கோடை மாதங்களுக்கென்று அதற்குத் தனி வரம்பு வைத்திருந்தார்கள்.

இனி அந்தப் பம்ப். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்த்துப் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். பட்டறையில் அதை ஏ.சி. பம்ப் என்பார்கள். கேம் ஷாஃப்ட் அதன் நெம்புகோலைத் தட்ட, உள்ளேயிருக்கும் டயாஃப்ரம் மேலும் கீழும் போய்வந்து, வண்டியின் பின்புறமுள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். இழுக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. மலையேறும்போது வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்து குறைகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீரே 100 டிகிரி வரை போகாமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெட்ரோலுக்கும் இதே கதிதான். சூடான பம்ப், அதற்குள் இழுவை, மேலே மெலிந்த காற்று மூன்றும் சேர்ந்தால் பம்புக்குள் திரவம் இருக்காது, ஆவிதான் இருக்கும். திரவத்தை அழுத்தினால் அது வால்வைத் தள்ளித் திறக்கும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், விட்டால் விரிந்துகொள்ளும். டயாஃப்ரம் அடித்துக்கொண்டே இருக்கும், வால்வு திறக்காது, கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. வேப்பர் லாக் என்பது இதுதான்.

நனைந்த துணிக்கு இங்கேதான் வேலை. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,200 கிலோ ஜூலுக்கும் மேல் சூட்டை எடுத்துக்கொள்ளும். துணியிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆக பம்பின் உடல் குளிர்கிறது, உள்ளே ஆவி மீண்டும் திரவமாகிறது, வால்வு திறக்கிறது. அந்த டிரைவர்கள் செய்தது முழுக்கச் சரியான இயற்பியல். ஒன்றை மட்டும் மறந்துவிடக்கூடாது: துணியைப் பம்பின் மேல் போடலாம், குழாயின் மேல் சுற்றலாம். சூடான மேனிஃபோல்டின் மேலோ இன்ஜின் பிளாக்கின் மேலோ தண்ணீரை ஊற்றிவிடக்கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

ஆனால் துணி போட்டும் கிளம்பாத வண்டிகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு வந்திருப்பது வேப்பர் லாக் அல்ல, அதற்கு நேர் எதிரான நோய். கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு கிண்ணம் இருக்கிறது, உள்ளே ஃப்ளோட் மிதக்கும். நிறுத்திய வண்டியில் அந்தக் கிண்ணமும் சூடேறுகிறது. உள்ளிருக்கும் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, ஜெட் வழியாக ஏறி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் வழிந்து, மேனிஃபோல்டில் தேங்குகிறது. கால்மணி நேரம் கழித்து நீங்கள் சாவியைத் திருப்பும்போது சிலிண்டருக்குள் போவது காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்த கலவை அல்ல, பெட்ரோல் ஆவியால் நெரிசலான காற்று. முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதில் பாதியாகக் குறைந்தால் தீப்பொறி விழுந்தாலும் பற்றாது. பிளக்கும் நனைந்துபோகும். ஓவர்ஃப்ளோ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முழு விஷயத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றில் பெட்ரோல் பட்டினி, இன்னொன்றில் பெட்ரோல் வெள்ளம். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு விஷம். பட்டினி கிடக்கும் இன்ஜினுக்கு ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துக் கொடுப்பது உதவலாம். வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினுக்கு அதே மிதி இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றும். பதற்றத்தில் பலரும் செய்வது அதைத்தான். மிதிக்க மிதிக்க வண்டி கிளம்பாது, கடைசியில் பேட்டரியும் இறங்கிவிடும்.

பிரித்துப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். வண்டி மறுக்கும் அந்த நேரத்தில், சாவியை அணைத்துவிட்டு ஏர் கிளீனரின் மூடியைக் கழற்றுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் கூடாது. முதலில் மூக்கு சொல்லும்: பச்சைப் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் வெள்ளம்தான் என்று பாதி முடிவுக்கு வரலாம். டார்ச் அடித்து கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். சுவர் நனைந்து பளபளக்கிறதா, ஜெட் முனையிலிருந்து சொட்டுகிறதா, உள்ளிருந்து குமிழியிடும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் சந்தேகமே இல்லை. எல்லாம் காய்ந்து கிடந்தால், பக்கத்தில் இருக்கும் த்ராட்டில் லீவரைக் கையால் ஒரு முறை முழுக்கத் தள்ளுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால், நூல்போல ஒரு பீய்ச்சல் தொண்டைக்குள் பாய்வது கண்ணுக்குத் தெரியும். ஒன்றும் வராமல் வெறும் காற்று புஸ்ஸென்று போனால் கிண்ணம் காலி. பம்ப் ஆவியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பம்பின் டயாஃப்ரமே தளர்ந்திருக்கிறது.

வெள்ளம் என்று தெரிந்தால், ஆக்சிலேட்டரைத் தரைவரை ஒரே மிதியாக மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக்கூடாது. த்ராட்டில் முழுக்கத் திறந்திருப்பதால் காற்று தாராளமாகப் போய், தேங்கிய ஆவியை அடித்துக்கொண்டு வெளியேறும். சில நொடிகளில் இருமி, கரும்புகை கக்கி, பிடித்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றிலும் இதே உத்தி செல்லும்: முழு மிதியில் செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர்களை நிறுத்திவைக்கும்படி அவற்றின் கணினியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அது அந்த நேரத்து நிவாரணம். நிரந்தரத் தீர்வுக்கு, சூடு ஏன் கிண்ணத்தை எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தடிமனான பேக்கலைட் துண்டு ஒன்று இருக்க வேண்டும். பார்த்தால் சாதாரண ஸ்பேசர். செய்யும் வேலை சூட்டைத் தடுப்பது. பலமுறை கழற்றி மாட்டிய வண்டிகளில் அது உடைந்து, அதன் இடத்தில் வெறும் காகித கேஸ்கெட் மட்டும் இருப்பது சகஜம். வண்டியோடு வந்த தகரத் தடுப்பு, ‘இது எதுக்கு’ என்று கழற்றிப் போடப்பட்டிருக்கும். பெட்ரோல் குழாயை மாற்றியவர் அதைச் சைலன்சர் பைப்பை உரசுகிற மாதிரி வளைத்திருப்பார். ஃப்ளோட்டின் மட்டம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், நீடில் வால்வு தேய்ந்திருந்தாலும், சோக் கேபிள் முழுவதும் திரும்பாமல் இருந்தாலும் விளைவு இதேதான். இவை எல்லாமே சில்லறைச் செலவுதான், கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியவை.

எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பம்புகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். தனி எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், அதன் ஆவியழுத்தமும் குறைவு. ஆனால் பெட்ரோலோடு சேரும்போது நிலைமை மாறுகிறது. எத்தனால் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிடித்துக்கொண்டிருந்த பிணைப்பு ஹைட்ரோகார்பன்களுக்கு நடுவே தளர்ந்துபோக, கலவை இரண்டையும் தனித்தனியே பார்த்து நாம் எதிர்பார்ப்பதைவிட எளிதாக ஆவியாகிறது. குறிப்பாக 70 டிகிரியை ஒட்டி, ஒரு பெரும்பகுதி ஒரே மூச்சில் கொதித்துவிடும். சூடான கார்புரேட்டர் கிண்ணம் எட்டும் வெப்பநிலையும் அதை ஒட்டியதுதான். பழைய ரப்பர் குழாய்களும் டயாஃப்ரங்களும் எத்தனாலில் ஊறித் தளர்ந்துவிடுவது இன்னொரு பக்கம். எனவே முன்பு ஒழுங்காக இருந்த வண்டி இப்போது சூட்டில் மக்கர் செய்தால் அதில் எரிபொருளுக்குப் பங்கு இருக்கலாம். அதற்காக எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டுவிட்டு, உடைந்த பேக்கலைட்டைப் பார்க்காமல் விடுவது சரியல்ல.

மின்சாரப் பக்கம் வருவோம். இங்கே கடிகாரம் பெரிய துணை. பெட்ரோல் கொதிக்கும் வண்டி, நிறுத்திய இரண்டு நிமிடத்துக்குள் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். கால்மணி நேரத்தில்தான் மறுக்கும். மாறாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்து, உடனே முயன்றாலும் பிடிக்காமல், ஆறிய பிறகு மட்டும் கிளம்பினால் சந்தேகம் காயில், கண்டன்சர், இக்னிஷன் மாட்யூல், சென்சர் பக்கம் போக வேண்டும். பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில் கண்டன்சர் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒரு சின்ன டப்பா. சூட்டில் அதன் உள்ளிருக்கும் காப்பு தளர்ந்தால், பாயின்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் அறுபடாமல் பாயின்டிலேயே நீலமாகப் பொறிந்துகொண்டிருக்கும். காயிலில் காந்தப்புலம் சட்டென்று சரிய வேண்டும், அப்போதுதான் 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக எழும்பும். மெதுவாகச் சரிந்தால் பிளக்கில் மஞ்சளாக, சோம்பலாக ஒரு பொறி விழும். நல்ல பொறி நீலவெள்ளை நிறத்தில் டக் டக்கென்று வெடிக்கும். ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்து, செல்ஃப் அடித்துப் பார்த்தால் போதும். பெட்ரோல் வாடை இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை கூடவே கூடாது. காயிலைச் சந்தேகித்தால், மறுக்கும் நேரத்தில் ஆறிய இன்னொரு காயிலுக்கு வயர்களை மாற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, விடை உறுதி.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த இடத்தில் நிற்பது கிராங்க் சென்சர். மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சுற்றி, ரெசினில் புதைத்த சிறு பாகம். வருடக்கணக்கில் சூடும் குளிர்ச்சியுமாக மாறி மாறி, உள்ளே கம்பியில் ஒரு நுண்ணிய முறிவு விழுந்திருக்கும். சூட்டில் விரியும்போது முனைகள் பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் இல்லையென்றால் கணினிக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியாது. பொறியும் வராது, பெட்ரோலும் வராது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளியும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் வைக்கலாம். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால், சூட்டில் முடிவிலியும் ஆறியபின் சில நூறு ஓமும் காட்டும்.

இந்த வண்டிகளில் வேப்பர் லாக் அரிது. டேங்குக்குள்ளேயே இருக்கும் மின்பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது, சுமார் 3 பார் அழுத்தத்தில். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதுபோல, அந்த அழுத்தத்தில் பெட்ரோல் சூடானாலும் திரவமாகவே இருக்கும். அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கிவிடாமல் பிடித்துவைக்க பம்பில் ஒரு வால்வு உண்டு. அது கசிந்தால் குழாயில் அழுத்தம் போய், பெட்ரோல் கொதித்து, அடுத்த ஸ்டார்ட் இழுத்தடிக்கும். சோதிப்பது சுலபம்: செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆனில் வைத்து, பின்பக்கத்திலிருந்து வரும் பம்பின் முனகல் அடங்கியதும் அணைத்து, இப்படி மூன்று நான்கு முறை செய்யுங்கள். அதன்பிறகு உடனே கிளம்பினால் அழுத்தம் தங்கவில்லை என்று பொருள். கூலன்ட் சென்சரும் ஏமாற்றும். நல்ல சென்சரின் மின்தடை 20 டிகிரியில் இரண்டு மூன்று கிலோ ஓமில் இருந்து 80 டிகிரியில் சில நூறு ஓமுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால், கொதிக்கும் இன்ஜினை ஊட்டிக் குளிரில் நிற்கும் இன்ஜின் என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளிக் கொட்டும்.

செல்ஃப் முனகி முனகிச் சுற்றினாலோ, டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றாலோ, மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த ஸ்டார்ட்டர் 110 டிகிரிக்குப் போனால் அதன் சுற்றுகளின் தடை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்துவிடும். புது வண்டி அதைத் தாங்கும். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசும் பழைய ஸ்டார்ட்டர் தாங்காது. அதைவிட அடிக்கடி காரணமாக இருப்பது எர்த் வயர். செல்ஃப் அடிக்கும்போது ஓடும் மின்னோட்டம் 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை கூடினாலே 1.5 வோல்ட் அங்கேயே செத்துப்போகும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட் காட்டினாலே வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்ட வேண்டியதுதான். டைமிங்கை அளவுக்கு மீறி அட்வான்ஸ் வைத்திருந்தாலும் சூடான இன்ஜின் செல்ஃபை எதிர்த்து உதைக்கும். அது உதைத்து உதைத்துச் சுற்றுவதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, எளிதில் யாரும் நினைக்காத காரணம் ஒன்று. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நம் மூச்சுக்காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் ஈயத்தை நம்பி வடிவமைத்த பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்களில், எக்ஸ்ஹாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டை அந்த ஈயப் படிவுதான் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. அது போனபின் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்குகிறது. வால்வு தண்டின் முனை மேலேறி டாப்பெட் இடைவெளியைத் தின்கிறது. சூட்டில் தண்டு நீளும்போது மிச்ச இடைவெளியும் தீர்ந்துபோய், வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும். ஆறிய இன்ஜினில் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும், சூடான இன்ஜினில் விழுந்துவிடும். எனவே கம்ப்ரஷன் கேஜை இரண்டு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்து டாப்பெட்டைச் சரிசெய்தால் சில ஆயிரம் கிலோமீட்டருக்குத் தொந்தரவு இருக்காது. மீண்டும் மீண்டும் இறுகிக்கொண்டே வந்தால் ஹெட்டை இறக்கி, கடினமான உலோகத்தில் எக்ஸ்ஹாஸ்ட் சீட் அடித்துப் போடுவதுதான் வழி. லேத் பட்டறைக்குப் போகும் வேலை, செலவும் கூடுதல்தான். ஆனால் அதைச் செய்த ஹெட்டுக்கு ஈயமில்லாப் பெட்ரோலால் இந்தத் தொல்லை மறுபடி வராது.